இல்லாத செவலை மாடும் இருக்கிற என் பேத்தியும்

அனுப்புநர்
க. ராமாயி,
காலஞ்சென்ற கருப்பண்ணனின் மனைவி,
மேல்பலாக்காடு, அரியூர் நாடு,
கொல்லிமலை வட்டம்,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
நாமக்கல்.

பொருள்: மேல்பலாக்காட்டில் அப்படி ஒரு பெண் இல்லை என்று எழுதப்பட்ட என் பேத்தி யமுனா மேல்பலாக்காட்டில்தான் இருக்கிறாள் என்பதைத் தெரிவித்து, பாஸ்போர்ட் விசாரணைக்குக் காவலரை மறுபடியும் அனுப்பக் கோருதல் - சம்பந்தமாக.

பார்வை: பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து யமுனா பேருக்கு வந்த கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாததால் ஐயா என்று எழுதியிருக்கிறேன். அம்மாவாக இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளவும், எனக்கு இன்னும் சந்தோசம்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இந்த மனுவை நானே எழுதுகிறேன். செம்மேட்டில் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர் ஒருவர் இருக்கிறார். ஆனால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதற்கும் பேத்தியைக் காணோம் என்பதற்கும் அவரிடம் ஒரே வாசகம்தான். யமுனா எழுதித் தருகிறேன் என்றாள். அவள் எழுதினால் அவளுக்காக அவளே பேசிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஆகையால் எழுத்து கோணல் மாணலாக இருந்தாலும் என் எழுத்தே போதும் என்று முடிவு செய்தேன்.

இது புகார் மனு. யார் மேல் புகார் என்றால், எங்கள் ஊர் மேல். தங்கள் காவலர் மேல் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. யமுனா என் மகள் கோகிலாவின் மகள். கோகிலாவும் மாப்பிள்ளையும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். பால் மறந்த நாளிலிருந்து பிள்ளை என்னிடம்தான் வளர்கிறது. ரேஷன் கார்டு, ஆதார் எல்லாமே என் வீட்டு விலாசம்தான். இப்போது மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் ஒரு கல்லூரியில் மூன்றாம் வருசம் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள், லீவு விட்டால் மலை ஏறிவிடுவாள். எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் இவள்தான் என்று நான் பெருமை பேச மாட்டேன். இவளுக்கு முன்னால் இரண்டு பெண்கள் போயிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் வாந்தி எடுத்தவர்கள். என் பேத்தி எழுபது கொண்டை ஊசி வளைவையும் பாட்டுக் கேட்டுக்கொண்டே இறங்குவாள்.

2. மேற்படி யமுனாவை அவள் கல்லூரியில் ஒரு படிப்புப் பயணத்துக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒரு செமஸ்டர், அதாவது அரை வருசம், வகுப்பை நிறுத்தி வைத்துவிட்டுப் பிரேசில் என்ற நாட்டுக்குப் போக வேண்டும். அங்கே ஆற்றோரத்து ஊர் ஒன்றில் குடியானவர் வீட்டில் தங்க வேண்டும். பல தேசத்துப் பிள்ளைகள் வருவார்களாம். செலவை நடத்துகிறவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே போய்க் கற்றுக்கொள்ள வேண்டியது மூன்று என்று யமுனா எனக்கு விளக்கினாள். ஒன்று, அந்தச் சனங்களின் பண்பாடு. இரண்டாவது, மண்ணும் தண்ணீரும் காடும் கெட்டுப்போகாமல் பின்னால் வருகிறவர்களுக்கும் மிஞ்சுகிற மாதிரிப் பிழைப்பது எப்படி என்பது. மூன்றாவது, மனித உரிமை.

முதல் இரண்டும் எனக்குப் புரிந்தது. மூன்றாவது அன்றைக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரித் தலையை ஆட்டிவிட்டேன்.

3. பக்கத்து வீட்டில் இருப்பவள் என் கொழுந்தனார் மனைவி அத்தாயி. குண்டனி நாட்டிலிருந்து எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள், வாய் கொஞ்சம் நீளம். அந்தப் பிரேசிலில் நம்ம குச்சிக்கிழங்குதான், அதாவது மரவள்ளிதான் வெள்ளாமை, அந்தக் கிழங்கே அந்தச் சீமையிலிருந்து வந்ததுதான் என்று யமுனா சொன்னதும் அத்தாயி, "ஏண்டி கண்ணு, குச்சிக்கிழங்கு நடறதைப் பாக்கறதுக்கு ஏரோப்பிளேன் ஏறணுமா? என்ற காட்டுக்கு வா. கூலியும் தாரேன், மத்தியானம் களியும் போடறேன்" என்றாள். யமுனா, "அங்க போயிட்டு வந்து உங்க காட்டுக்கு வாரேன் சின்னம்மாயி, அப்பக் கூலி ஜாஸ்தி" என்றாள். இப்படிப் பேச்சுக்குப் பேச்சு கொடுத்துக்கொண்டுதான் இரண்டு பேரும் இருப்பார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. சந்தையில் பலாப்பழம் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். அந்த மாதம் பழத்தை விட இந்தச் செய்திதான் என்னிடம் அதிகம் விலை போனது. ஊர்ப் பையன்கள், ஜீப் ஓட்டும் பிரேமின் ஏற்பாட்டில், பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஏறி வரும் பாதை ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டே கட்டிவிட்டார்கள். "அயல்நாடு செல்லும் எங்கள் யமுனாவை மனதார வாழ்த்துகிறோம்" என்று எழுதி, யமுனாவின் முகம் ஒரு முறம் அகலத்துக்கு இருக்கும். பக்கத்தில் ஒரு ஏரோப்பிளேன். கீழே பையன்கள் எல்லோருடைய முகமும் வரிசையாக, யமுனா முகத்தை விடச் சிறிதாக. இந்த ஃப்ளெக்ஸைத் தாங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வருகிறது.

4. யமுனா பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டாள். போலீஸ் விசாரணை வரும் என்று அவளுக்குத் தெரியும். எங்களிடம் சொல்ல மறந்துவிட்டாள். இது ஒன்றுதான் அவள் மேல் உள்ள தப்பு. ஆனி மாதத்தில் ஒரு சந்தை நாள், நான் செம்மேட்டுக்குப் போயிருந்தேன். யமுனா கீழே பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் காவலர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவராம், சின்ன வயசு. சட்டையில் பேர் குத்தியிருந்ததாம், ஆனால் எங்கள் ஊரில் ஒருவருக்கும் நிமிர்ந்து அதைப் படிக்கத் தைரியம் வரவில்லை. ஆகையால் அவர் பேரை நான் எழுத முடியவில்லை.

இனி எழுதப்போவது நான் நேரில் பார்த்தது அல்ல. அங்கே இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னதில், எல்லோரும் ஒத்துக்கொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

5. காவலர் பாதையில் ஏறி வருவதை முதலில் பார்த்தது அத்தாயி. பார்த்ததும் காட்டில் நின்றபடியே, "செவலை அவுத்துக்கிச்சு! செவலை அவுத்துக்கிச்சு!" என்று ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். காவலர் கீழ்நாட்டுக் குடியானவர் வீட்டுப் பிள்ளை போல இருக்கிறது. மாடு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டது என்று கேட்டதும், வந்த வேலையை விட்டுவிட்டு, "எந்தப் பக்கம் போச்சுங்க?" என்றாராம். அத்தாயி பதறிப்போய் ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டிவிட்டாள். அவர் பூட்ஸைக் கழற்றிக் கல் மேல் வைத்துவிட்டு, பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு வாசலில் கிடந்த ஒரு கயிற்றையும் எடுத்துக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குள் இறங்கிவிட்டார்.

உடுப்புப் போட்டவர் மாடு தேடும்போது ஊர்க்காரர்கள் சும்மா நிற்க முடியுமா? எல்லோரும் இறங்கினார்கள். ஓடைக் கரை, பலா மரத்தடி, மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக்கு மரங்கள், ஒன்று பாக்கி இல்லை. காவலர் ஓடையில் வழுக்கி விழுந்து எழுந்தார். அப்போதும் விடவில்லை. "கொம்பு எப்படிங்க இருக்கும்? சுழி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டாராம். ஒருவர் கூர்க்கொம்பு என்றார், இன்னொருவர் மொட்டை என்றார். மத்தியானம் வரைக்கும் எங்கள் ஊர் மொத்தமும் ஒரு போலீஸ்காரரோடு சேர்ந்து மாடு தேடியது.

6. ஐயா, இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் செவலை, அதாவது சிவப்பு மாடே கிடையாது. சாம்பல் நிற மயிலை இருக்கிறது, கறுப்புக் காரி இருக்கிறது. செவலை ஒன்று கூட இல்லை. என் மாமனார் காலத்திலிருந்தே இல்லை.

"செவலை அவுத்துக்கிச்சு" என்றால் காக்கிச் சட்டை வருகிறது என்று அர்த்தம். யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் கத்த வேண்டும். கேட்டவர்கள் அடுத்த வீட்டுக்குக் கத்த வேண்டும். அதற்குப் பிறகு காக்கிச் சட்டைக்காரர் எந்தப் பேரைச் சொல்லிக் கேட்டாலும், அந்தப் பேரில் ஊரில் ஆள் இல்லை. இது எங்கள் ஊர்க் கட்டு. நடக்கப் பழகின பிள்ளைக்குக் கூடத் தெரியும். வெளியாள் ஒருவருக்கும் இன்றுவரை சொன்னதில்லை. முதன்முதலில் தங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

7. இது ஏன் வந்தது என்றும் எழுதிவிடுகிறேன். முன்காலத்தில் ஏருக்கு ஒரு கட்டை வெட்டினாலும் மேலே வந்து பேர் சொல்லிக் கேட்பார்கள். பேரைக் காட்டிக்கொடுத்தால் அந்த ஆளைக் கீழே கூட்டிப்போய்விடுவார்கள். எந்த இலாகா, எந்த அதிகாரி என்றெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. எல்லாம் ஒரே காக்கிதான். என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனபோது கோகிலா என் வயிற்றில் இருந்தாள். அவர் திரும்பி வந்து தூக்கியபோது பிள்ளை ஆள் தெரியாமல் வீறிட்டு அழுதது. அவர் அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார்.

இதை நான் குறையாக எழுதவில்லை. அந்தக் காலமும் போய்விட்டது, அந்த அதிகாரிகளும் போய்விட்டார்கள். செவலை மட்டும் போகவில்லை. போன வருசம் பஸ் கண்டக்டர் ஒருவர், பஸ்ஸில் யாரோ விட்டுவிட்டுப் போன குடையைக் கொடுக்கலாம் என்று ஊர் வரைக்கும் நடந்து வந்தார். அவர் சட்டையும் காக்கி. அவருக்கும் செவலை அவிழ்ந்தது. குடைக்காரர் இந்த ஊரே இல்லை என்று குடைக்காரரே சொல்லி அனுப்பினார். அந்தக் குடை இன்றைக்கும் கண்டக்டரிடம்தான் இருக்கிறது.

8. காவலர் விசயத்துக்கு வருகிறேன். மாடு தேடிக் களைத்துப்போய் என் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தார். என் வீட்டு வாசலுக்கு! உட்கார ஏதாவது விரிக்க வேண்டும். அதற்குள் பையன்கள், செவலை சத்தம் கேட்டதுமே, பாதையில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அதை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. படம் அடியில் போகும்படி கவிழ்த்து விரித்து, "உக்காருங்க சார்" என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், "யமுனாங்கற பொண்ணு ஊடு எதுங்க?" என்று கேட்டார்.

அத்தாயி, "அப்படி ஒரு புள்ளை இந்த ஊர்லயே இல்லீங்க சாமி" என்றாள். இன்னொருத்தர், "அடுத்த மலையில கேட்டுப் பாருங்க" என்றார். ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி, ஊருக்கே பெரியவர், பொய் சொல்லாதவர், வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். போன் போட்டுப் பார்க்கலாம் என்றால் எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது. இப்படியாக என் பேத்தியின் வீட்டு வாசலில், என் பேத்தியின் முகத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, அப்படி ஒரு பெண் இங்கே இல்லை என்று காவலர் எழுதிக்கொண்டு போனார். அவர் கேட்டதைத்தான் அவர் எழுதினார். அவர் மேல் ஒரு துளித் தப்பும் இல்லை.

ஊர்க்காரர்கள் பொய் சொன்னதும் கெட்ட எண்ணத்தில் அல்ல. வெளிநாடு போகப்போகிற பிள்ளையைப் போலீஸ் பேர் சொல்லித் தேடுகிறது என்றால் யாரோ பொறாமையில் பிராது கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள். பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தார்கள். நான் சந்தையிலிருந்து திரும்பியதும் அத்தாயி ஓடி வந்து, "அக்கா, ஒரு கண்டத்திலிருந்து உன்ற பேத்தியைத் தப்பிக்க வெச்சிட்டேன்" என்றாள். நான் அவளுக்கு ஒரு பலாப்பழம் கொடுத்தேன். பெரிய பழம்.

9. இரண்டு வாரம் கழித்துப் பாஸ்போர்ட் ஆபீஸ் கடிதம் வந்தது. கொடுத்த விலாசத்தில் மேற்படி நபர் வசிக்கவில்லை என்று போலீஸ் அறிக்கை வந்திருப்பதால் விண்ணப்பம் நிறுத்தப்பட்டுள்ளது என்று இருந்தது. யமுனா அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆடி முடிவதற்குள் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுக்காவிட்டால் அவள் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

நடந்ததை அவளுக்குச் சொன்னோம். ஃப்ளெக்ஸ் மேல் அவர் உட்கார்ந்ததைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு கடிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. அத்தாயி அன்றைக்குச் சோறு தின்னவில்லை. நான் கொடுத்த பலாப்பழத்தில் பாதியைத் திருப்பிக் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். பாதி ஏற்கெனவே தின்றாகிவிட்டது.

10. மறுநாள் காலை யமுனாவே அத்தாயி வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அங்கே நடந்த பேச்சை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

யமுனா, "ஏஞ் சின்னம்மாயி, இல்லைன்னு சொல்றதுக்கு முன்னால, எதுக்குங்க கேக்கறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள்.

அத்தாயி, "போலீசைக் கேள்வி கேக்கலாமாடி?" என்றாள்.

"கேக்கலாம்."

"அடிக்க மாட்டாங்களா?"

"அடிக்கக் கூடாது. எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா சொல்லணும்."

"அது யாரு சொன்னது?"

"சட்டம் சொல்லுது. அதைப் பத்தித்தான் மூணாவதா படிக்கப் போறேன்."

அத்தாயி, "இதை முன்னாலயே சொல்லியிருந்தா நான் குச்சிக்கிழங்கைப் பத்தி அப்படிப் பேசியிருக்க மாட்டேனே" என்றாள்.

ஐயா, மனித உரிமை என்றால் என்ன என்று எனக்கு அந்த வாசலில்தான் புரிந்தது. எதுக்கு என்று ஒரு வார்த்தை கேட்க எங்கள் ஊரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால், காவலர் பாஸ்போர்ட்டுக்கு என்று சொல்லியிருப்பார், அத்தாயி அவரை வீட்டுக்குள் கூட்டிப்போய் யமுனா பிறந்த கதையிலிருந்து சொல்லியிருப்பாள். அவர் ஓடையில் விழுந்திருக்கவும் வேண்டாம். அந்தப் பாடத்தைப் படிக்கப் போகிற பிள்ளையையே அந்தப் பாடம் தெரியாததால் நாங்கள் நிறுத்திவிட்டோம்.

11. இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்தது. எங்கள் ஊருக்கு வரும் பஸ் டிரைவரிடம் அந்தக் காவலர் ஒரு நாள், "மேல்பலாக்காட்டுல செவலை ஒண்ணு காணாமப் போச்சே, கெடைச்சுதாங்க?" என்று கேட்டாராம். டிரைவர் வந்து சொன்னார். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் எங்கள் மாட்டைப் பற்றிக் கவலைப்பட்டது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை. அதுவும் இல்லாத மாட்டைப் பற்றி.

12. ஆகவே ஊர்க்கூட்டம் போட்டோம். மறு விசாரணை கேட்டு மனு எழுதுவது என்று முடிவானது. ஆனால் செவலையைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்பதில்தான் இழுபறி. ஊர்க்கவுண்டர், "அதை எழுதிக் குடுத்துட்டா நாளைக்கு நமக்கு என்ன காவல்? வேற ஏதாச்சும் சொல்லிச் சமாளிக்கலாம்" என்றார். பிரேம், "நம்ம காசு போட்டு ஒரு செவலையை வாங்கிக் கட்டிட்டாச் சொன்னது நெசமாயிரும்ல" என்றான். மாடு திரும்பி வந்துவிட்டது, அதோடு கூடப் பிள்ளையும் திரும்பி வந்துவிட்டது என்று சொல்லலாமாம். அந்த யோசனைக்கு ஆதரவு கொஞ்சம் இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் சொன்னது இதுதான். ஒரு தடவை இல்லை என்று சொன்ன ஊர், மறு தடவை இருக்கிறாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? இரண்டில் எது பொய் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நாம் மறைத்து வைத்திருக்கிற ஒன்றை எடுத்துக் கொடுத்தால்தான் நம்புவார்கள். நம்மிடம் மறைத்து வைத்திருப்பது என்று வேறு என்ன இருக்கிறது?

கடைசியில் அத்தாயிதான் எழுந்தாள். இத்தனை வருசமாக ஊரில் எல்லோரையும் விட முதலில் பார்த்து, எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்தி வந்தவள் அவள். "எழுதுக்கா. மாடு போனாப் போவுது. புள்ளை இருக்கோணும்" என்றாள். ஊர்க்கவுண்டரும் சரி என்றார். அதனால்தான் பத்தி 6 எழுதப்பட்டது.

13. எனவே தங்களை மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்வது:

யமுனா உண்டு. என் வீட்டில் உண்டு. ஆடி முடிவதற்குள் காவலரை மறுபடி ஒரு முறை அனுப்பி, கண்ணால் பார்த்து எழுதச் சொல்ல வேண்டும். அவள் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருப்பாள். ரேஷன் கார்டு, ஆதார், கல்லூரிக் கடிதம் இவற்றின் நகல்களும், ஃப்ளெக்ஸின் போட்டோவும் இத்துடன் இருக்கின்றன. ஃப்ளெக்ஸில் உள்ள மடிப்பு காவலர் உட்கார்ந்ததால் ஏற்பட்டது.

பொய் சொன்னதற்காக எங்கள் ஊர்க்காரர்கள் மேல் வழக்கு எதுவும் போட வேண்டாம். போட்டே ஆக வேண்டும் என்றால் செவலை மாட்டின் மேல் போட்டுக்கொள்ளவும்.

முன்பு வந்த அதே காவலரை அனுப்பினால் நல்லது. அவர் நல்ல பிள்ளை. தேடிக் களைத்தவருக்கு அன்று ஒரு பலாச்சுளை கூட யாரும் கொடுக்கவில்லை, அந்தக் குறை எனக்கு இருக்கிறது. இந்தத் தடவை கட்டிலில் உட்காரலாம். ஃப்ளெக்ஸ் மறுபடியும் பாதையில் கட்டப்பட்டுவிட்டது.

14. இன்னும் ஒன்றுதான். காவலரைச் சாதாரணச் சட்டையில் அனுப்பச் சொல்லி எழுது, சனங்கள் பயப்படாமல் பேசுவார்கள் என்று ஊர்க்கவுண்டர் சொன்னார். நானும் எழுதிவிட்டேன். எழுதியதை ஊர் முன்னால் வாசித்தபோது அத்தாயி கையைத் தூக்கி, "அதை அடிச்சிரு அக்கா. உடுப்போடயே வரட்டும். உடுப்பு இல்லாதவங்ககிட்ட நெசம் பேச நமக்கு எப்பவும் தெரியுமே" என்றாள். இதற்கு மேலே ஒரு வரி அடிக்கப்பட்டிருப்பது அதனால்தான்.

எனவே காவலரை முழு உடுப்பில், தொப்பியோடு அனுப்பி வைக்கவும். அவர் பாதையில் ஏறி வரும்போது யாரும் மாட்டைப் பற்றிக் கத்த மாட்டார்கள். அத்தாயி முன்னால் வந்து, நிமிர்ந்து, சட்டையில் உள்ள பேரை யமுனாவைப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டு, அந்தப் பேரைச் சொல்லி, "எதுக்குங்க வந்தீங்க?" என்று கேட்பாள். தினமும் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறாள், இப்போதெல்லாம் குரல் நடுங்குவதில்லை. அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்பவும். அதற்கு அவர் ஒரு பதில் சொன்னால் போதும். அதற்குப் பிறகு யமுனா வீடு எது என்று அவர் முழுதாகக் கேட்டு முடிக்கக் கூட வேண்டியதில்லை. ஊரே கையை நீட்டும்.

பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
(ஒப்பம்) க. ராமாயி
யமுனாவின் அம்மாயி

இடம்: மேல்பலாக்காடு
நாள்: 16.07.2025